செல்வராணிக்கு, 5பி வார்டைப் பார்த்த பிறகு

திருச்சி
14.7.2024

அன்புள்ள செல்வராணி,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் வீட்டுக்குள் நடமாடுகிறாய் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. வலிக்கிறது என்று பயிற்சிகளை மட்டும் நிறுத்திவிடாதே. இங்கே எல்லோரும் நலம். அக்காவின் பேத்தி யாழினி நர்சிங் படிப்பில் இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். விடுமுறைக்கு வந்திருந்தவள், "பாட்டி, இதை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்" என்று தன் மடிக்கணினியில் ஓர் ஆவணப்படத்தைக் காட்டினாள். பார்த்து ஐந்து நாட்கள் ஆகின்றன. அதைப் பற்றி உனக்கு எழுதாமல் வேறு எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை.

படத்தின் பெயர் '5பி'. டான் கிராஸ், பால் ஹக்கிஸ் என்ற இருவர் 2018இல் இயக்கியது. சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்றே 1983 ஜூலையில் திறக்கப்பட்ட வார்டின் எண்தான் அந்தப் பெயர். மொத்தம் 12 படுக்கைகள். நாம் இருவரும் பயிற்சி முடித்து, வெள்ளைச் சீருடையில் கஞ்சி மொடமொடக்க, முதல் வேலையில் சேர்ந்த ஆண்டும் அதுதான். கண்ணாடி ஊசிக்குழல்களைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டிருந்த நமக்கு அப்போது அந்த நோயின் பெயர்கூடத் தெரியாது. அங்கேயோ ஏறக்குறைய நம் வயதுப் பெண்களும் ஆண்களும், நாளுக்கு நாள் எடை குறைந்து, நுரையீரலில் நிமோனியாவும் தோலில் ஊதா நிறத் திட்டுகளுமாக வந்து சேரும் இளைஞர்களை ஏந்திக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப்பார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா வந்திருக்கிறது என்ற முதல் அறிக்கை வெளியானது 1981 ஜூனில். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லூக் மொந்தாஞ்யேவும் அவர்களுடைய குழுவினரும் இந்த நோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டு எழுதியது 1983 மே மாதத்தில். அதுதான் காரணம் என்று உலகம் ஏற்றுக்கொள்ள மேலும் ஓராண்டு ஆனது. இரத்தப் பரிசோதனை 1985இல்தான் வந்தது. முதல் மருந்தான ஏ.இசட்.டி. 1987இல் வந்தது. ஆக, அந்த வார்டு திறந்தபோது நோயைக் கண்டறியும் பரிசோதனையும் இல்லை, கொடுப்பதற்கு மருந்தும் இல்லை. மற்ற இடங்களில் இந்த நோயாளிகளைத் தனி அறையில் போட்டு, சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே வருபவர்கள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வருவார்கள். பார்வை மங்கி, நினைவு தடுமாறிச் சாகப்போகிறவனுக்குக் கடைசியாகத் தெரிந்த மனித முகம் ஒரு முகமூடிதான்.

கிளிஃப் மாரிசன் என்ற ஆண் செவிலியர்தான் அந்த வார்டை உருவாக்கியவர். தாமும் தன்பாலீர்ப்பாளர் என்பதால், அந்த இளைஞர்கள் நோயோடு சேர்த்து எந்த அவமானத்தைச் சுமந்து வந்தார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். யாரையும் கட்டாயப்படுத்தி அங்கே பணியில் போடவில்லை. விரும்பி வந்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டார். விதிகளைச் செவிலியர்களே வகுத்தார்கள். இரத்தத்தையோ உடல் திரவங்களையோ கையாளும்போது கையுறை. மற்றபடி தொடலாம், அணைக்கலாம், கட்டிலில் உட்காரலாம். பார்வையாளர் நேரம் என்று ஒன்று கிடையாது. நமக்கெல்லாம் மணி அடித்து உறவினர்களை வெளியேற்றுவதே பெரிய கடமையாக இருந்ததே, அதை நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றிலும் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு விதி: யார் தன் குடும்பம் என்பதை நோயாளியே சொல்வார். பெற்றவர்கள் கைவிட்டிருக்கலாம், பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த துணைவருக்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. அந்தத் துணைவரை உள்ளே அழைத்து, கட்டிலருகே நாற்காலி போட்டுக் கொடுக்கும் முடிவை எடுத்தவர்கள் செவிலியர்கள். டாக்டரின் உத்தரவுச் சீட்டு இல்லாமல் ஒரு தலையணையைக்கூட மாற்றிப் போடத் தயங்கிய நமக்கு இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று புரியும்.

ரீட்டா ராக்கெட் என்ற நடனக்காரப் பெண்மணி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வார்டில் விருந்து படைத்து, நோயாளிகளுக்கு முன் ஆடிக்காட்டுவாராம். ட்ரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்று கைதட்டுகிற அந்த மெலிந்த முகங்களைப் பார்த்தபோது யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

படம் எதிர்த்தரப்பையும் மறைக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அதே மருத்துவமனையின் எலும்பு அறுவைப் பிரிவுத் தலைவர் லொரைன் டே, அறுவைக்கு வரும் எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும், எங்கள் உயிருக்கு யார் பொறுப்பு என்று வெளிப்படையாகப் போராடினார். பாதுகாப்பு உடை அணிந்துதான் பணி செய்வோம் என்று முறையிட்ட செவிலியர்களும் அங்கே உண்டு. அவர்களை வில்லன்களாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் பயம் பொய்யாகவும் இருக்கவில்லை: அங்கே ஒரு செவிலியருக்கு ஊசி குத்தியே தொற்று வந்தது. அப்படிக் குத்துப்பட்ட ஆயிரம் பேரில் ஏறக்குறைய மூவருக்குத்தான் தொற்றும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். அந்த மூவரில் ஒருவராக இருப்பவருக்குக் கணக்கால் என்ன ஆறுதல்? போட்ட ஊசியின் மேல் மறுபடி மூடியைச் செருகுவதை நாமும் எத்தனை ஆயிரம் முறை செய்திருப்போம். கையைக் கீறாத பாதுகாப்பு ஊசிகளை மருத்துவமனைகள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட 2000ஆம் ஆண்டு வரை ஆகியிருக்கிறது. தியாகம் என்று செவிலியர்களைப் புகழ்வது சுலபம். நல்ல ஊசி வாங்கிக் கொடுக்கத்தான் காசு வேண்டும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

செல்வராணி, இந்த இடத்தில் நான் படத்தை விட்டு நம் கதைக்கு வர வேண்டியிருக்கிறது.

1995. நாம் சேர்ந்து பணியாற்றிய அந்த மருத்துவமனையின் ஆண்கள் வார்டு. வராந்தாவின் கோடியில், தூண் மறைவில் ஒரு கட்டில். லாரி ஓட்டுநர், முப்பது வயதுகூட ஆகியிருக்காது. கேஸ் ஷீட்டின் மேல் எய்ட்ஸ் என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்துகளில் எழுதி, போகிறவர் வருகிறவர் எல்லாம் படிக்கும்படி தொங்கவிட்டிருந்தோம். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளை வேலூரில் பரிசோதித்து, நம் நாட்டிலும் இந்தத் தொற்று இருப்பதை உறுதி செய்திருந்தார்கள். தொட்டால் ஒட்டாது என்று நமக்குப் பயிற்சி வகுப்பும் நடந்திருந்தது. நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். அப்படியிருந்தும் நான் இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டுதான் அவரிடம் போவேன். ஒருநாள் அவர், "சிஸ்டர், காய்ச்சல் இருக்கான்னு நெத்தியத் தொட்டுப் பாருங்க" என்றார். நான் தெர்மாமீட்டரை நீட்டிவிட்டு, ஓரடி தள்ளி நின்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன்பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் அந்தச் செவிலியர்களுக்கு நான் அறிந்திருந்ததில் பாதிகூடத் தெரியாது. பரிசோதனை இல்லாத காலத்தில் அவர்கள் நோயாளியின் கையைப் பிடித்திருக்கிறார்கள். எல்லாம் தெரிந்த பிறகு நான் கையை இழுத்துக்கொண்டேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இந்த ஒன்றே என்னைக் குடைந்தது. பிற்பாடு நம் ஊர்ச் சுவர்களிலெல்லாம் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரமாக "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று எழுதியிருந்ததைக் கடந்துபோகும்போதெல்லாம் எனக்கு அந்த வராந்தாதான் நினைவுக்கு வரும். வந்துவிட்டால் அவன் அருகில் யார் உட்கார்வார் என்று அந்தச் சுவர் கேட்டதேயில்லை.

நீ உட்கார்ந்தாய். இதை இத்தனை ஆண்டுகளில் நான் உன்னிடம் சொன்னதே இல்லை. உனக்கு நைட் டியூட்டி, எனக்கு மாலை ஷிஃப்ட் முடிந்து கணக்கு ஒப்படைக்கும் நேரம். நீ அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வெறும் விரல்களால் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாய். ஒரு நிமிடம் ஆனது. எண்ணி முடித்த பின்னும் நீ கையை எடுக்கவில்லை. தூணுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பேருந்துக்குப் போய்விட்டேன். மறுநாள் தலைமைச் செவிலியர் உன்னைத் திட்டியபோதும் நான் வாய் திறக்கவில்லை. அதற்காக என்னை மன்னித்துவிடு.

யாழினியிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். படத்தில் வருகிறவர்களைப் போல ஒருவரை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதமாக இருக்கிறாள். தீபாவளி விடுமுறையில் அவளை அழைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு வருகிறேன். வருவதற்கு முன் ஒன்றை மட்டும் எழுது. அன்றிரவு நான் படியிறங்கும்போது அவர் உன்னிடம் ஏதோ பேச ஆரம்பித்தார். நீ குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அவர் என்ன சொன்னார்?

என்றும் உன்,
கமலா