தையல் கடைக்காரர்களே, காட்டன் வெட்டுத்துணியைத் தனியாக வையுங்கள்

குமரி மாவட்டத்தில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நாகர்கோவிலோ தக்கலையோ மார்த்தாண்டமோ, எந்தக் கடைக்குப் போனாலும் கட்டிங் மேசைக்கு அடியில் ஒரு சாக்கு கிடக்கும். பிளவுஸ் வெட்டிய மிச்சம், சுடிதார் துண்டு, லைனிங், சட்டைத் துணி எல்லாம் அதற்குள்தான். நிறைந்தால் ஒர்க்‌ஷாப்காரர் கிரீஸ் துடைக்க வாங்கிப்போவார், இல்லையென்றால் கடைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்துவது. பாலியஸ்டர் கருகும் நாற்றத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதில் காட்டனை மட்டும் தனியாகப் பிரித்துத் தாருங்கள், அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு ஏப்ரான் தைக்க வேண்டும். சாம்பார் சாதம், கலர் பெயிண்ட், களிமண் எல்லாம் சட்டையில்தான் வந்து நிற்கிறது. கொல்லாம்பழம், அதாவது முந்திரிப்பழக் காலம் வந்தால் கேட்கவே வேண்டாம், அந்தச் சாறு பட்ட சட்டையை எந்தச் சோப்பு போட்டாலும் கறை அப்படியேதான் இருக்கும்.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு 20 இஞ்ச் நீளம், கீழே 16, மார்பில் 8 இருந்தால் தாராளம். ஒரே துண்டில் வர வேண்டும் என்றில்லை, இரண்டு மூன்றைச் சேர்த்துத் தைக்கலாம். ஆனால் நனைத்துக் காயப்போட்ட பிறகுதான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் அலசலிலேயே ஒரு துண்டு சுருங்கி இன்னொன்று சுருங்காமல் ஏப்ரான் கோணிக்கொள்ளும். சாயம் போகிறதா என்று வெள்ளை ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். உள்ளங்கை அளவு துண்டையும் வீசாதீர்கள், பாக்கெட்டுக்கு ஆகும்.

உங்களில் யாராவது நாங்களே தைத்துத் தருகிறோம் என்றால் ரொம்ப சந்தோஷம். ஒன்றே ஒன்று, கழுத்துக்குக் கட்டுகிற நாடா மட்டும் வைக்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சறுக்கில் ஏறும்போது எதிலாவது மாட்டினால் இறுக்கிவிடும். வெல்க்ரோ வையுங்கள், இழுத்தால் தானாகப் பிரிந்துவிடும். பட்டனும் வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் வயசு.

வாடிக்கையாளர் துணி அவருக்குச் சொந்தம், மிச்சத்தைக் கேட்டு வாங்கிப்போகிறவர்களும் உண்டு, நியாயம்தான். கேட்காதவர்களிடம் அளவெடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஒரு கடையில் விசாரித்தபோது “கிலோவுக்கு என்ன தருவீங்க?” என்றார்கள். சரி, ஒர்க்‌ஷாப்காரர் தரும் விலையை நானும் தருகிறேன், ஜார்ஜெட்டையும் சரிகைத் துணியையும் உள்ளே திணித்து எடை போடாமல் இருந்தால் போதும்!

கிறிஸ்துமஸ் தையல் தொடங்கிவிட்டால் உங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. அதற்குள் மேசைக் காலில் இன்னொரு பையை மாட்டி வையுங்கள், நிறைந்ததும் சொல்லி அனுப்புங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.