பக்கத்துப் பண்ணைக்கு வந்த பணம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. நானும் நடக்கிறேன், அமெரிக்காவின் இந்த விஸ்கான்சின் மாநிலத்துப் பனி விடுகிற நாட்களில் மட்டும்.

கொரோனா சமயத்தில் இங்கே விவசாயிகளுக்கு அரசாங்கம் அள்ளிக் கொடுத்ததாமே என்று கேட்டிருந்தாய். அள்ளித்தான் கொடுத்தது. ஆளுக்கு ஒரு அளவு கரண்டி, அவ்வளவுதான்.

2020 ஏப்ரலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் 80 மாடு வைத்திருந்தவரின் பண்ணை. ஒரு காலையில் அவர் குழாயைத் திருப்பிவிட்டார். சாணக் குழிக்குள் வெள்ளை வெளேரென்று பால் இறங்கியது. அதே வாரம் கடையில் ‘ஒருவருக்கு இரண்டு கேலன் பால்தான்’ என்று அட்டை தொங்கியது! பள்ளிக்கூடமும் உணவகமும் மூடிக் கிடந்தன. பள்ளிக்கூடத்துக்குச் சின்ன அட்டைப்பெட்டியில் அடைக்கிற இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரே நாளில் கேலன் புட்டியை நிரப்ப முடியாது. மாட்டுக்கு ஊரடங்கு தெரியுமா? காலையும் மாலையும் கறந்தே ஆக வேண்டும்.

அந்த மாதமே 1,900 கோடி டாலர் நிவாரணம் அறிவித்தார்கள். அதில் 1,600 கோடி நேராக விவசாயிகளுக்கு. மே 26-லிருந்து மனு வாங்கினார்கள். கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) விவசாய அலுவலகத்துக்குள் யாரையும் விடவில்லை, எல்லாம் ஃபோனிலும் மின்னஞ்சலிலும்.

இங்கே யாருக்கு எவ்வளவு போனது என்பது பொதுத் தகவல், தேடினால் பெயரோடு வந்துவிடும். நானும் தேடினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பக்கத்து வீட்டுக்காரரைத்தான் முதலில் தேடினேன். முப்பதாயிரம் டாலரை ஒட்டி ஒரு தொகை. அடேயப்பா என்று இருந்தது. அப்புறம் கணக்குப் போட்டேன். வருஷத்தின் முதல் மூன்று மாதப் பாலுக்கு, நூறு பவுண்டுக்கு சுமார் 6.20 டாலர் கொடுத்தார்கள். ஒரு மாடு அந்த மூன்று மாதத்தில் ஆறாயிரம் பவுண்டு கறந்தால், 80 மாட்டுக்கு இந்தத் தொகைதான் வருகிறது. அதிலும் முதலில் 80 சதவீதம்தான் கையில் வந்தது. தீவனக் கடன் அடைத்தேன் என்றார், அதற்கு மேல் பேச்சில்லை. தேடியதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

ஆயிரக்கணக்கில் மாடு வைத்திருந்தவனுக்கும் அப்போது இதே விகிதம்தான். ஒருவருக்கு இரண்டரை லட்சம் டாலர் உச்சவரம்பு, கம்பெனியாகப் பதிந்து மூன்று பங்குதாரர் உழைப்பதாகக் காட்டினால் ஏழரை லட்சம். பெரியவனுக்குப் பெரிய நஷ்டம், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சந்தையில் எங்களுக்குக் காய்கறி விற்கும் பெண்மணியை நினைத்துப் பார். நாலு ஏக்கரில் முப்பது வகை போடுகிறார். முதல் சுற்றில் ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனி விகிதம், அதுவும் மொத்த வியாபார விலையை வைத்து. படிவத்தைப் பார்த்துவிட்டு, ‘இதை நிரப்புகிற நேரத்தில் களை எடுத்துவிடுவேன்’ என்று மூடி வைத்துவிட்டார். செப்டம்பரில் வந்த இரண்டாம் சுற்றில்தான் புத்தி வந்தது: காய்கறிக்கு 2019-இல் விற்ற தொகையைச் சொன்னால் போதும். அதில் ஐம்பதாயிரம் டாலர் வரைக்கும் 10.6 சதவீதம் கொடுத்தார்கள். நாற்பதாயிரத்துக்கு விற்றிருந்தால் 4,240 டாலர். அந்தப் படிவத்தை நிரப்பினார்.

அந்த ஒரு வருஷத்தில் எல்லாத் திட்டமும் சேர்த்து விவசாயிகளுக்கு அரசாங்கம் கொடுத்தது 4,500 கோடி டாலருக்கு மேல். அது தெரிந்தபோது அந்தச் சாணக் குழிதான் ஞாபகம் வந்தது.

போன இலையுதிர் காலத்தில் பக்கத்துக்காரர் மாடுகளை விற்றுவிட்டார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கறவை இயந்திரச் சத்தத்தில் விழித்துப் பழகியவன் நான். இப்போது அலாரம் வைக்கிறேன். அவர் மட்டும் அதே நேரத்துக்குத் தொழுவத்தில் விளக்குப் போடுகிறார்.

முழங்காலுக்குத் தைலம் தடவுவதை விட்டுவிடாதே. பதில் எழுது.

உன்,
ராகவன்