ஜி.பி. மட்டும் பார்த்து மெமரி கார்டு வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் மெமரி கார்டுகளைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரை, எந்தக் கார்டில் எத்தனை படங்கள் கொள்ளும், எத்தனை மணி நேர வீடியோ கொள்ளும் என்பதை மட்டுமே அட்டவணையாகத் தந்திருந்தது. கடைக்கு வருபவர்களும் “64 ஜி.பி. என்ன விலை?” என்றுதான் கேட்கிறார்கள், கடைக்காரரும் எதற்கு வேண்டும் என்று திருப்பிக் கேட்பதில்லை. கேமராக்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கொள்ளளவைக் கடைசியாகப் பார்த்தால் போதும். அதற்கு முன்பே பார்க்க வேண்டியவை, அதே கார்டின் முகப்பில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் குறிகள்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கார்டு வைத்திருந்தது. 1994இல் காம்பாக்ட் ஃபிளாஷ், 1998இல் சோனியின் மெமரி ஸ்டிக், 2002இல் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் சேர்ந்து கொண்டுவந்த எக்ஸ்.டி. பிக்சர் கார்டு என்று வரிசையாக வந்தன. இவற்றுக்கு நடுவே 1999இல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்றும் கூட்டாக அறிவித்த எஸ்.டி. கார்டுதான் பொதுப் புழக்கத்தில் நிலைத்தது. பழைய மெமரி ஸ்டிக்கோ எக்ஸ்.டி. கார்டோ வீட்டு அலமாரியில் இருக்குமானால், அதைப் படிக்கும் ரீடர் கிடைக்கும்போதே படங்களைக் கணினிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. இன்றைய ரீடர்களில் பெரும்பாலானவற்றில் அவற்றுக்கு இடமே கிடையாது.

எஸ்.டி. கார்டு இன்று இரண்டு அளவுகளில்தான் விற்பனையாகிறது. கேமராவில் போடும் பெரியது 32 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. கைபேசியிலும் ட்ரோனிலும் போடும் மைக்ரோ எஸ்.டி. விரல் நகமளவே இருக்கும். சிறியதை அடாப்டரில் செருகிப் பெரியதாகப் பயன்படுத்தலாம். பெரிய கார்டின் ஓரத்தில், புதிதாக எழுதுவதையும் அழிப்பதையும் தடுப்பதற்காக உள்ள ‘லாக்’ விசையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது கார்டுக்குத் தெரியாது. விசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது கேமராதான். ஆகவே விசை உடைந்து ‘லாக்’ என்றே காட்டும் கார்டை யாரும் தூக்கி எறிய வேண்டியதில்லை. விசை இருந்த பள்ளத்தின் மேல் ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டினால், அப்போதைக்குத் தாங்கும்.

அளவு பொருந்திவிட்டால் போதாது, தலைமுறையும் பொருந்த வேண்டும். வெறும் எஸ்.டி. என்றால் 2 ஜி.பி. வரை, 2006இல் வந்த எஸ்.டி.எச்.சி. 32 ஜி.பி. வரை, 2009இல் வந்த எஸ்.டி.எக்ஸ்.சி. 2 டி.பி. (டெராபைட், அதாவது சுமார் 2,000 ஜி.பி.) வரை, 2018இல் அறிவிக்கப்பட்ட எஸ்.டி.யு.சி. 128 டி.பி. வரை. புதிய கருவி பழைய கார்டை ஏற்கும். பழைய கருவி புதிய கார்டை ஏற்பது அரிது. “கார்டு போச்சு” என்று என்னிடம் கொண்டுவரப்படும் பழைய கேமராக்களில் பலவற்றில், கார்டிலும் கோளாறு இருப்பதில்லை, கேமராவிலும் இருப்பதில்லை, 32 ஜி.பி. வரை மட்டுமே படிக்கத் தெரிந்த கேமராவில் 64 ஜி.பி. கார்டைப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

இனி வேகம். பணம் வீணாவதும் படப்பிடிப்பு பாழாவதும் பெரும்பாலும் இங்கேதான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் நொடிக்கு 150 எம்.பி., 200 எம்.பி. என்று போட்டிருப்பது பொதுவாகக் கார்டைப் படிக்கும் வேகம், அதுவும் உச்ச வேகம். கேமராவோ படம் எடுக்கும்போது கார்டில் எழுதுகிறது. எழுதும் வேகம் எவ்வளவு குறைந்தாலும் இதற்குக் கீழே போகாது என்ற உறுதிமொழிதான் அந்தச் சிறிய குறிகளில் இருக்கிறது. ‘சி’ என்ற வளைவுக்குள் 10 என்று இருந்தாலும், ‘யு’ வடிவத்துக்குள் 1 என்று இருந்தாலும் பொருள் ஒன்றே: நொடிக்குக் குறைந்தது 10 எம்.பி. ‘யு’வுக்குள் 3 இருந்தால் 30 எம்.பி. ‘வி’ என்ற எழுத்தை அடுத்து 30, 60, 90 என்று இருந்தால் அந்த எண்ணே வேகம். ஒரே செய்தியைச் சொல்ல மூன்று விதக் குறிகளை வைத்துக்கொண்டு, பழையவற்றை நீக்காமல் புதியவற்றைச் சேர்த்துக்கொண்டே போகும், இந்தக் கார்டுகளுக்கான தரங்களை வகுக்கும் எஸ்.டி. சங்கத்துக்கும் இந்தக் குழப்பத்தில் பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

இதைக் கேமராவோடு பொருத்திப் பார்க்க ஒரு சிறு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கேமராவின் கையேட்டில் பதிவு வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், கார்டில் மெகாபைட்டில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே வீடியோ பதிவு செய்யும் கேமராவுக்குத் தேவைப்படுவது 12.5 எம்.பி. மட்டுமே, வி30 கார்டு தாராளமாகப் போதும். அதே கேமராவில் 400 மெகாபிட் தரத்தைத் தேர்ந்தெடுத்தால் 50 எம்.பி. வேண்டும்; அப்போது வி60க்குக் குறைந்த கார்டை நம்ப முடியாது. வேகம் போதாத கார்டில் பதிவு நடுவிலேயே தானாக நின்றுவிடும், அது தாலி கட்டும் நேரமாக இருந்தாலும் சரி.

இதற்கு நேர்மாறாக, தேவைக்கு மேல் செலவழிப்பவர்களும் இருக்கிறார்கள். பின்புறம் இரண்டு வரிசைத் தொடுமுனைகள் கொண்ட யு.எச்.எஸ். (அதிவேக இணைப்பு) இரண்டாம் வகைக் கார்டின் இணைப்பு வேகம் நொடிக்கு 312 எம்.பி. வரை செல்லும், ஆனால் கேமராவிலும் அந்த வசதி இருந்தால்தான் பலன். யு.எச்.எஸ். முதல் வகை வசதி மட்டுமே உள்ள கேமராவில் போட்டால் பழைய 104 எம்.பி. எல்லைக்குள்தான் ஓடும். கைபேசியில் செயலிகளை வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இவை எதுவுமே பொருட்டல்ல. அவர் பார்க்க வேண்டியது ஏ1 என்ற குறி. சிறுசிறு தகவல்களை ஒரு நொடியில் எத்தனை முறை படிக்கவும் எழுதவும் முடியும் என்பதை அது சொல்கிறது.

சிசிடிவிக்கும் காரில் வைக்கும் டேஷ்கேமுக்கும் கைபேசிக் கார்டையே போடுவது இப்போது பரவலாக இருக்கிறது. இரவும் பகலும் எழுதி அழித்து எழுதும் வேலை அது. கார்டுக்குள் தகவலைத் தாங்கும் ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு நுண்ணறையும் குறிப்பிட்ட தடவைகள்தான் அழித்து எழுதத் தாங்கும். அந்த வேலைக்கென்றே ‘ஹை எண்டூரன்ஸ்’ என்ற பெயரில் தனிக் கார்டுகள் விற்கின்றன. சாதாரணக் கார்டை இப்படித் தொடர்பதிவுக்குப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்று சில நிறுவனங்கள் நிபந்தனையிலேயே எழுதியிருக்கின்றன.

போலிகளைப் பற்றிக் கட்டுரை ஒன்றுமே சொல்லாதது பெரிய குறை. 8 ஜி.பி. கொள்ளும் கார்டை உள்ளிருந்து இயக்கும் கன்ட்ரோலர் சில்லை மாற்றியமைத்து, கணினியில் 256 ஜி.பி. என்று பொய் சொல்ல வைத்து விற்கிறார்கள். முதல் 8 ஜி.பி. வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குப் பிறகு எழுதுபவை காணாமல் போகும், அல்லது முன்பு எழுதியவற்றின் மேலேயே பதியும். வாங்கிய அன்றே, கார்டு காலியாக இருக்கும்போது, எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருளால் முழுக் கார்டையும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் 64 ஜி.பி. கார்டை விண்டோஸ் கணினி 59.6 ஜி.பி. என்று காட்டுவதைக் கண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கார்டு தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், கணினி 1,024ஆல் வகுக்கிறது, அதனால் வரும் வித்தியாசம் அது.

பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, உறையின் மேல் அதிகபட்ச சில்லறை விலையும், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரியும், புகார் தெரிவிக்கும் விவரமும் இருக்க வேண்டும். இவை இல்லாத உறையைக் கையில் வாங்காமலிருப்பதே முதல் பாதுகாப்பு. ஏமாந்தவர்கள் ரசீதை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

அடுத்த முறை இத்தகைய அட்டவணையை வெளியிடும்போது, கொள்ளளவுக்குப் பக்கத்தில் குறைந்தபட்ச எழுதும் வேகத்துக்கு ஒரு பத்தியும், எந்த வேலைக்கு எந்தக் குறி என்பதற்கு இன்னொரு பத்தியும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். குறிகளின் படங்களையும் பெரிதாக அச்சிட்டால், வாசகர்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கடைக்கே எடுத்துச் செல்ல வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
கேமரா பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்,
மதுரை.