மண்டபச் சுவரும் இரண்டு தாள்களும்

அன்புள்ள செல்வா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறையவில்லை, வாயும் குறையவில்லை. உன் பேரன் படம் பார்த்தேன். மூக்கு உன்னுடையதுதான், பாவம் பிள்ளை.

சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்துக்கு டத்தோ பட்டக்காரர் ஒருவர் சுவர்ச் செலவை ஏற்றுக்கொண்டார். ஒரே நிபந்தனை, கார்பன் குறைந்த கல்லாக இருக்க வேண்டுமாம். இரண்டு கம்பெனிகள் தங்கள் சுற்றுச்சூழல் அறிவிப்பை, அதான் கல்லால் எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்று சொல்லும் இ.பி.டி. தாளை, அனுப்பின. போன கூட்டத்தில் நம் தலைவர் (ஆமாம், அதே சவுண்டு சிஸ்டம் தலைவர்) இரண்டு தாளையும் தூக்கிப் பிடித்து, "இதில் 130, அதில் 180. சின்ன நம்பரை எடு, வேலை முடிந்தது" என்றார். கைதட்டல் வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 130 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது ஒரு டன் சிமெண்ட் கல்லுக்கு. 180 கிலோ என்பது ஒரு கன மீட்டர் ஏ.ஏ.சி. கல்லுக்கு, அந்த லேசான வெள்ளைக் கல். சிமெண்ட் கல் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,000 கிலோ கனம். அப்படியானால் அது 260 ஆகிறது! ரப்பர் தோட்டத்தில் பிறந்த ஆட்களுக்கு இது புரியாதா? நம் அப்பாக்கள் கொண்டுவந்த ரப்பர் பாலை வாளி எடைக்கா கிராணி (தோட்டக் கணக்கர்) சம்பளம் போட்டார்? பாலின் அடர்த்தி பார்க்கும் மெட்ரோலாக் கருவியை முக்கி, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்துத்தானே எழுதினார்? இதை அங்கேயே சொன்னேன். "அப்போ வெள்ளைக் கல்லை வாங்கு" என்று உடனே கட்சி மாறிவிட்டார்கள். அதுவும் அவசரம்.

ஒரு தாள் ஆலை வாசலோடு நிற்கிறது, ஏ1 முதல் ஏ3 வரை, அதாவது மூலப்பொருள், அதை ஆலைக்குக் கொண்டுவருவது, தயாரிப்பு. இன்னொன்று இடித்துக் கொட்டுவது வரை, அந்த சி1 முதல் சி4 வரையும் சொல்கிறது. இந்தத் தாள்களுக்கான ஐரோப்பிய விதி ஈ.என். 15804 2012-இல் வந்தபோது ஆலை வாசலோடு நிறுத்தலாம் என்றிருந்தது. 2019 திருத்தம்தான் பெரும்பாலான பொருள்களுக்கு இறுதிக் கட்டங்களையும், மறுபயன்பாட்டால் வரும் பலனைச் சொல்லும் டி பகுதியையும் கட்டாயமாக்கியது. பழைய விதித் தாளுக்கும் ஐந்து வருட ஆயுள் உண்டு, அதனால் இரண்டும் இன்று செல்லும். பின்னணிக் கணக்குக்கு ஒருவர் ஈகோஇன்வென்ட் (ecoinvent) என்ற தரவுத் தொகுப்பு, மற்றவர் GaBi என்ற தொகுப்பு. நிலக்கரி மின் நிலையச் சாம்பலைச் சிமெண்டில் கலந்தால், அந்த நிலையத்துப் புகையில் எவ்வளவைச் சாம்பலின் தலையில் எழுதுவது என்பதற்கும் ஆளுக்கொரு கணக்கு.

இதற்கிடையில் கதவு வியாபாரி ஒருவர் வந்தார். அவர் ரப்பர் மரக் கதவின் கார்பன் மைனஸ் கணக்காம்! மரம் வளரும்போது காற்றிலிருந்து இழுத்த கார்பனை ஏ1-இல் கழித்துக்கொண்டு, எரித்தாலோ மக்கினாலோ வெளியே வருவதை எழுதும் சி பகுதி அந்தத் தாளிலேயே இல்லை. புண்ணியக் கணக்கை மட்டும் காட்டி நோட்டை மூடிவிட்டார்கள். நம் பொருளாளர் இருபது கதவு வாங்கினால் டத்தோ இன்னும் கொடுப்பாரா என்று கேட்டார்.

செல்வா, இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. இந்த அறிவிப்புகளுக்கான உலகத் தரம் ஐ.எஸ்.ஓ. 14025 கேட்கிறபடி சார்பில்லாத ஆள் சரிபார்த்த கையெழுத்து இரண்டிலும் இருக்கிறது. நாளைக்கு விஷயம் தெரிந்தால் நம் இளைஞர்கள் "எல்லாம் ஏமாற்று" என்று தாள்களைக் குப்பையில் போடுவார்கள். அதுவும் தப்பு. இவ்வளவு விவரம் இல்லாமல் கல் விற்ற காலத்தில் நமக்கு என்ன தெரிந்தது? கந்தான் பக்கம் மலையை வெட்டுகிறார்கள் என்று பஸ்ஸிலிருந்து வேடிக்கை பார்த்தோம். அந்தச் சுண்ணாம்புக் கல் சூளையில் வெந்து பிரியும்போது வருவதே சிமெண்டின் புகையில் பாதிக்கு மேல் என்று யார் சொன்னார்கள்?

அந்த ஈ.என். விதியே சொல்கிறது, கட்டடத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்று. ஆகவே ஒரு சதுர மீட்டர் முடிந்த சுவருக்குக் கணக்கு வேண்டும்: கல், சாந்து அல்லது ஒட்டுப் பசை, பூச்சு, லாரி, கடைசியில் இடிப்பது. இரண்டுக்கும் ஒரே கட்டங்கள். வித்தியாசம் அற்பமாக வந்தால் மலிவானதை வாங்கிவிடலாம் என்று நானே சொல்லிவிடுவேன்.

இதை நீ போட்டுக்கொடு. நான் சொன்னால் கடைக்காரன் பேச்சு, நீ சொன்னால் இன்ஜினியர் பேச்சு. ஏ.ஏ.சி. கம்பெனியிடம் கல்லின் அடர்த்தியை எழுத்தில் கேட்டு வாங்கு. அவர்கள் தாளில் அது இல்லை. டத்தோ ஞாயிற்றுக்கிழமை வருகிறார், சனிக்குள் எனக்கு வேண்டும். நேரிலேயே வருவதாக இருந்தால் பீடோரில் இறங்கிக் கொய்யா வாங்கிக்கொள். பழுத்ததாகப் பார், அம்மாவால் கடிக்க முடியாது.

அன்புடன்,
முத்து