பணி ஓய்வு பெற்ற பெண்களும் இரண்டு நாள் கடற்கரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றிச் சென்ற மே 31ஆம் நாள் ஓய்வு பெற்றேன். ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டதால், 58 வயதில் விடைபெற வேண்டியிருந்த எனக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. அப்படியிருந்தும் அந்த நாளுக்கு நான் ஆயத்தமாகவில்லை என்பது மறுநாள் காலையில்தான் புரிந்தது. சக ஆசிரியர்கள் மாலையும் சால்வையும் அணிவித்து, குத்துவிளக்கைப் பரிசளித்து, வேன் வைத்து வீடுவரை கொண்டுவந்து விட்டுச் சென்றிருந்தார்கள். ஐந்து மணிக்கு விழித்தெழுந்து, யாருக்கும் பாடம் எடுக்கப் போவதில்லை என்ற நினைவோடு நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன்.

இதற்குள் வீட்டில் என் எதிர்காலம் முடிவாகிவிட்டிருந்தது. பெங்களூருவில் இருக்கும் மகன் வீட்டுக்குச் சென்று பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் அன்போடுதான் சொன்னார்கள். பேரனை வளர்ப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு நடுவில், என் விருப்பத்துக்கு நான் இருக்கக்கூடிய இரண்டு நாட்கள் வேண்டும் என்று கேட்டபோது, அதை ஓர் ஆசையாகக்கூட எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற ஓர் ஆண், தன் நண்பர்களோடு குற்றாலத்துக்கோ கொடைக்கானலுக்கோ புறப்பட்டால் வீடே கூடி வழியனுப்புகிறது. அதே வயதுப் பெண் ஒருத்தி, தன் தோழிகளோடு புறப்பட்டால், கோயிலுக்கு என்று சொன்னால்தான் அந்தப் பயணத்துக்கு ஒரு நியாயம் பிறக்கிறது.

நாங்கள் நால்வர். என்னோடு ஆசிரியர் பயிற்சி பெற்று, என்னைப் போலவே மே 31இல் ஓய்வு பெற்ற கணித ஆசிரியை ஒருவர். ஈராண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர். படுக்கையில் கிடந்த கணவரை ஏழு ஆண்டுகள் பராமரித்து, சென்ற பங்குனியில் அவரை இழந்த எங்கள் தெருவைச் சேர்ந்த அக்கா ஒருவர். ஜூன் முதல் வாரத்தில் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை வழியாகப் பேருந்தில் தரங்கம்பாடிக்குச் சென்றோம். மயிலாடுதுறையிலிருந்து அவ்வூருக்கு முன்பு ரயிலே ஓடியது. 1986இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

முதல் தடை புறப்படும் முன்பே வந்தது. கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதிக்குத் தொலைபேசியில் பேசி இரண்டு அறைகள் கேட்டேன். “பெண்கள் மட்டுமா? கூட ஆண்கள் யாரும் வரவில்லையா?” என்று கேட்டார்கள். இல்லை என்றதும் அறை காலியில்லை என்றார்கள். அதே விடுதிக்கு மறுநாள் கணித ஆசிரியையின் தம்பி பேசியபோது, அதே தேதிகளுக்கு இரண்டு அறைகள் இருந்தன. அறுபது வயதில், முகவரிச் சான்றும் ஓய்வூதியர் என்ற அடையாளமும் கையில் இருக்க, ஒரு விடுதி அறைக்கு ஓர் ஆணின் குரல் தேவைப்பட்டது எங்களை மிகவும் வருத்தியது. பெண்கள் தனியே தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நாங்கள் அந்த அறைகளை ஏற்காமல், மறுகேள்வி இல்லாமல் இடம் கொடுத்த வேறொரு சிறிய விடுதியில் தங்கினோம்.

தரங்கம்பாடியை நாங்கள் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு செய்த உடன்படிக்கைக்குப் பின் 1620இல் டேனியர்கள் கட்டிய கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் அங்கு வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதித் தமிழ் கற்றார். மறு ஆண்டே பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி தொடங்கினார். தமிழும் கணிதமும் கற்பித்தே வாழ்ந்த எங்கள் இருவருக்கும், வேலையை முடித்துக்கொண்டு போய் நிற்பதற்கு அதைவிடப் பொருத்தமான ஊர் தோன்றவில்லை. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கக் கொட்டிய கருங்கற்களின் மேல் அலை மோதுவதை நாங்கள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை நீடிப்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. சிறு படகுகள் மட்டுமே அதிகாலையில் போய்த் திரும்பின. மாலையில் வெயில் தாழ்ந்து, கோட்டையின் நிழல் மணல்மேல் கடலை நோக்கி நீண்டபோது, அக்கா தன் கணவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மூன்று மாதமாகத் துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்ன வார்த்தைகள் அல்ல அவை. கோபமும் அலுப்பும் அன்பும் கலந்து, இடையில் யாரும் தடுக்காமல், ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தல் திணைக்கு, பிரிவை எண்ணி வருந்தும் இரங்கலை உரிப்பொருளாகவும், பொழுது சாயும் வேளையாகிய எற்பாட்டைச் சிறுபொழுதாகவும் முன்னோர் ஏன் வகுத்தார்கள் என்பதை முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அதை நானே உணர்ந்தது அன்றுதான்.

செவிலியராக இருந்த தோழி அன்று மணலில் இறங்கவில்லை. கோட்டைச் சுவரோரமே அமர்ந்துவிட்டார். 2004 டிசம்பர் 26 அன்று அவர் பணியில் இருந்தவர். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த ஆழிப்பேரலையின்போது, பெயர் தெரியாத குழந்தைகளை வரிசையாகக் கிடத்தி அடையாளம் எழுதிய கைகள் அவருடையவை. அதன் பிறகு அவர் கடலுக்கு அருகில் சென்றதே இல்லை. ஓய்வு பெறும்வரை வேலை அவரைத் தாங்கியிருந்தது. ஓய்வுக்குப் பின் இரவுகளில் அந்த நாள் திரும்பத் திரும்ப வந்ததாக அவர் எங்களிடம் சொன்னது அந்தப் பயணத்தில்தான். மறுநாள் காலை, சூரியன் எழுந்த சிறிது நேரத்தில், எங்களை எழுப்பாமலே அவர் தனியாக இறங்கிப் போயிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கணுக்கால் நனைய நின்றுகொண்டிருந்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், “அங்கே பள்ளம்மா, இந்தப் பக்கம் வந்து நில்லுங்க” என்று அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் தன் வேலையைப் பார்த்தார்.

இவ்வளவையும் எழுதுவது எங்கள் கதையைச் சொல்வதற்காக மட்டும் அல்ல. திரும்பும் வழியில் நாங்கள் இறங்கிய வேறொரு கடற்கரையில், பெண்களுக்கான கழிப்பறை மாலை ஐந்து மணிக்கே பூட்டப்பட்டிருந்தது. சாவி யாரிடம் என்று சொல்ல ஆளில்லை. எங்களில் இருவருக்கு நீரிழிவு. ஒருவர் இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர். பள்ளிகளில் கழிப்பறை சரியில்லாத காலத்தில் தண்ணீர் குடிக்காமலே பகலைக் கழித்துப் பழகிய தலைமுறை எங்களுடையது. ஓய்வு பெற்ற பின்னும் அதே பழக்கத்தோடுதான் கடலைப் பார்க்க வேண்டுமா? கடற்கரைக்கு மக்கள் வருவதே மாலையில்தான் என்பதால், இரவு எட்டு மணிவரையாவது திறந்திருக்கும் கழிப்பறையும், முழங்கால் வலியுள்ளவர் கைப்பிடி பற்றி எழுந்துகொள்ளக்கூடிய சில இருக்கைகளும், நடைபாதையில் எரியும் விளக்கும் கடலோர உள்ளாட்சிகள் எல்லாவற்றிலும் வேண்டும். பெண்கள் என்பதற்காக மட்டும் அறை மறுக்கும் விடுதிகள் மீது புகார் அளிக்க, எளிதில் அழைக்கக்கூடிய ஓர் எண்ணைச் சுற்றுலாத் துறை ஒவ்வொரு விடுதியின் வரவேற்பறையிலும் எழுதி வைக்கச் செய்ய வேண்டும்.

குடும்பத்தாரிடம் கேட்பது இதைவிடச் சிறியது. ஓய்வு பெற்ற அம்மாவோ கணவரை இழந்த அத்தையோ தோழிகளோடு இரண்டு நாள் போய் வருகிறேன் என்றால், துணைக்கு யார் என்று கேட்காதீர்கள். அந்தத் தோழிகள்தாம் துணை. என் மகனும் முதலில் அப்படித்தான் கேட்டான். திரும்பி வந்த பிறகு செவிலியர் தோழியைப் பற்றிச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜூலையில் நான் பெங்களூருவுக்குச் செல்கிறேன். டிசம்பர் 26 அன்று, கடலில் பாலூற்றி இறந்தவர்களுக்கு மீனவ மக்கள் அஞ்சலி செலுத்தும் காலை வேளையில் தரங்கம்பாடியில் இருக்க வேண்டும் என்று செவிலியர் தோழி கேட்டிருக்கிறார். நால்வரும் போகிறோம். அறைகளுக்கு அவரே தொலைபேசியில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கும்பகோணம்