பாறை இடுக்கில் கிடந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் பெயர் எனக்குத் தெரியாது. எத்தனையோ பேர் தேடிப் பார்த்து ஒன்றிரண்டு பெயர்களைச் சொன்னார்கள், எதுவும் நிலைக்கவில்லை. போர்க்களத்தில் செத்துக் கிடந்த உன்னை எடுத்த படத்தில் உன் முகத்தைப் பார்த்தால் சின்ன வயசாகத்தான் தெரிகிறது. நான் அறுபதைத் தாண்டியவன். அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன்.

கோவில்பட்டியில் முப்பது வருஷத்துக்கு மேல் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். உன்னைப் பற்றி எழுத அதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. மகன் மேரிலாந்தில் வேலை பார்க்கிறான். போன அக்டோபரில் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, எங்கே போகணும்ப்பா என்று கேட்டான். நயாகரா, நியூயார்க் என்று ஏதாவது சொல்வேன் என நினைத்திருப்பான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் மோதிய பெரிய சண்டை நடந்த ஊர், கெட்டிஸ்பர்க் என்றேன். உனக்காகத்தான் சொன்னேன்.

உன் படத்தை நான் முதலில் பார்த்தது தொழில் பழகிய காலத்தில். இரண்டு பெரிய பாறைகள், நடுவே உடைகல்லை அடுக்கி எழுப்பிய சின்னச் சுவர். அதன் அடியில் நீ மல்லாந்து கிடக்கிறாய், தலை ஒரு பையின் மேல் இருக்கிறது, முகம் எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. சுவரில் ஒரு துப்பாக்கி சாய்ந்து நிற்கிறது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து அளவாக விழுந்திருக்கிறது. அதைப் பார்த்து என் குரு, "இதுதாண்டா கம்போசிங்" என்றார். அவர் எதேச்சையாகச் சொன்ன சொல் அது. அதற்குள் எவ்வளவு உண்மை இருந்தது என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

நீ சண்டை போட்டது 1863 ஜூலை 2 மாலையாக இருக்க வேண்டும். அன்றைக்குத்தான் உன் தெற்குப் படையின் டெக்சாஸ், ஆர்கன்சா, அலபாமா, ஜார்ஜியாக்காரர்கள் 'டெவில்ஸ் டென்' என்கிற அந்தப் பாறைக் கூட்டத்தின்மேல் ஏறிப் பிடித்தார்கள். மூன்று நாள் சண்டையில் இரண்டு பக்கமும் சேர்த்து செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் சுமார் 51,000 பேர். அந்த ஊரில் அப்போது இருந்ததே 2,400 பேர்தான். ஜூலை வெயில் வேறு.

சண்டை ஓய்ந்து இரண்டு நாள் கழித்து அலெக்சாண்டர் கார்ட்னர் என்கிற போட்டோக்காரர் தன் ஆட்களோடு வந்து சேர்ந்தார். அவர்களுடைய தொழில் எனக்குப் புரிகிறது, தம்பி. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்கிற பசைத் திரவத்தை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். இருட்டறையை வண்டியிலேயே கொண்டு திரிந்தார்கள். தகட்டில் படம் விழச் சில விநாடிகள் பிடிக்கும், அதனால் ஓடுகிறவனையும் சுடுகிறவனையும் எடுக்க முடியாது. அசையாமல் கிடக்கிறவர்களைத்தான் எடுக்க முடியும். அதற்குள் பலரைப் புதைத்துவிட்டார்கள். நீ இன்னும் கிடந்தாய்.

முதலில் நீ விழுந்த இடத்திலேயே, சரிவில், பல கோணங்களில் எடுத்தார்கள். அப்புறம் யாருக்கோ மேலே இருந்த அந்தக் கல்சுவர் கண்ணில் பட்டிருக்கிறது. உன்னைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டார்கள். உனக்கு அடியில் ஒரு படத்தில் போர்வை தெரிகிறது. அதில் வைத்துத்தான் சுமந்திருக்க வேண்டும். தலைக்குப் பையை வைத்தார்கள், துப்பாக்கியைச் சாய்த்தார்கள். குறிபார்த்துச் சுடுகிறவர்கள் வைத்திருக்கும் துப்பாக்கிகூட இல்லை அது. பிறகு கார்ட்னர் தன் படத்தொகுப்பில் உன்னைக் குறிசுடும் வீரனாக்கி, நீ படுத்தபடியே வீட்டை நினைத்து மெல்ல உயிர் விட்டாய் என்று ஒரு கதையும் எழுதிவிட்டார். நவம்பரில் திரும்பப் போனபோது உன் எலும்புக்கூடும் துப்பாக்கியும் அப்படியே கிடந்தன என்றும் எழுதினார். நினைவுப்பொருள் பொறுக்குகிறவர்கள் மொய்த்த அந்த இடத்தில் நான்கு மாதம் ஒரு துப்பாக்கி கிடந்திருக்குமா? சரிவில் கிடப்பதும் சுவரடியில் கிடப்பதும் ஒரே ஆள்தான் என்று 1961-ல் ஒருவர் கவனித்தார். வில்லியம் ஃப்ரஸானிட்டோ என்பவர் அந்தந்த இடத்தில் போய் நின்று, பாறை பாறையாக ஒப்பிட்டுப் பார்த்து 1975-ல் முழுக்கதையையும் எழுதினார். அதுவரை நூறு வருஷத்துக்கு மேல் உன்னைப் பற்றி உலகம் நம்பியது கார்ட்னர் சொன்னதை.

இனி பேய்க் கதைக்கு வருகிறேன்.

கெட்டிஸ்பர்க் முழுக்கப் பேய்க் கதைதான். ராத்திரி விளக்கைக் கையில் பிடித்து ஆட்களைக் கூட்டிப் போகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதில் நான் தேடிப்போய்க் கேட்டவை இரண்டு. ஒன்று, டெவில்ஸ் டென்னில் கேமரா வேலை செய்யாது என்பது. பேட்டரி இறங்கிவிடும், படம் பனி மூடினாற்போல வரும், வெளியே வந்தால் சரியாகிவிடும். செத்தவனை இழுத்துப் போட்டு எடுத்தார்களே, அந்தக் கோபம் என்கிறார்கள். இன்னொன்று, அதிகாலையில் அங்கே படம் எடுக்க நின்ற ஒரு பெண்ணின் கதை. பின்னால் ஒருவன் வந்து நின்றானாம். வெறுங்கால், கிழிந்த சட்டை, தொங்கிய தொப்பி, நீண்ட முடி. ஓடைப் பக்கம் கையை நீட்டி, "நீ தேடுவது அங்கே இருக்கிறது" என்றானாம். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் இல்லை. டெக்சாஸ்காரன் என்று சொல்கிறார்கள். அது நீயா, உன் சேக்காளியா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வார்த்தை மனதில் ஒட்டிக்கொண்டது. இடம் மாற்றிப் போடப்பட்டவன் வேறு என்ன சொல்வான்? இது நான் கிடந்த இடம் இல்லை, அதோ அங்கே என்றுதானே சொல்வான்.

நாங்கள் போனபோது நல்ல வெயில். உன் சுவர் இன்னும் இருக்கிறது. ஒரு பையன் அதன் அடியில் நீ கிடந்த மாதிரியே படுத்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டான். அவன் வீட்டார் படம் எடுத்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர்கள் போகும்வரை காத்திருந்து என் கேமராவை எடுத்தேன். காலையில் முழுக்கச் சார்ஜ் போட்ட பேட்டரி, அதுவரை இருபது படம்கூட எடுக்கவில்லை. ஷட்டரை அழுத்தினேன், திரை இருண்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். மாற்றுப் பேட்டரியைப் போட்டேன். அதற்கும் உயிர் வரவில்லை. மகன், "காண்டாக்ட்ல தூசியா இருக்கும்ப்பா" என்றான். இருக்கலாம். அந்தப் பாறை இரும்புச் சத்துள்ள கல் என்றும் ஒருவர் சொன்னார். கல் இரும்பாய் இருந்தால் பேட்டரி சாகாது என்பது எனக்குத் தெரியும். காரில் ஏறியதும் முதல் பேட்டரியைத் திரும்பப் போட்டேன். முக்கால் சார்ஜ் காட்டியது. முப்பது வருஷம் கேமராவைப் பிரித்து மாட்டியவன் நான். காரணம் சொல்ல முடியவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

ஏனென்றால் கை வைக்கும்போதே எனக்கு வேறொன்று நினைவில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் துட்டி வீட்டுக்குப் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். அநேகம் பேருக்கு வாழ்நாளில் அது ஒன்றுதான் படம். நாடிக்கட்டுக் கட்டி, நெற்றியில் காசு வைத்து, நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். அப்படி ஒரு நாள் ஒரு கிழவியை எடுக்கப் போனேன். பந்தல் நிழலில் முகம் தெரியவில்லை. நாற்காலியோடு வெயிலுக்கு நகர்த்தச் சொன்னேன். இழுத்தபோது தலை சாய்ந்து கட்டு அவிழ்ந்துவிட்டது. கேட்டது நான்தான், ஒரு நல்ல படத்துக்காக. மூத்த மகள் ஓடிவந்து தாயின் முகத்தைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "எங்கம்மாவ இழுக்காதீங்க" என்றாள். படம் நன்றாக வந்தது. கூலி வாங்கவில்லை. கார்ட்னரை நான் ஒரு சொல் திட்டினாலும் அது என் மேலேயும் விழும், தம்பி. ஆனால் அந்தக் கிழவிக்கு அணைத்துக்கொள்ள ஒரு மகள் இருந்தாள். உன்னைப் போர்வையில் தூக்கியபோது வேண்டாம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

சண்டையில் விழுந்தவனுக்கு எங்கள் ஊர்களில் கல் நட்டார்கள். அவன் உருவத்தைச் செதுக்கி, இன்ன ஊர்க்காரன், இன்ன சண்டையில் பட்டான் என்று எழுதினார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் பழைய கற்களுக்கு இன்னும் பொங்கல் வைக்கிற ஊர்கள் உண்டு. உன்னுடைய ஆட்களை ஆழமில்லாத குழிகளில் மொத்தமாக மூடினார்கள். நவம்பர் 19-ல் லிங்கன் வந்து பேசிய கல்லறைத் தோட்டம் எதிர்ப்பக்கமான வடக்கு வீரர்களுக்கு மட்டும். அவர்களைத் தோண்டி எடுத்து அங்கே சேர்த்த வேலையாட்களுக்குத் தலைமை தாங்கியவர் பேசில் பிக்ஸ் என்கிற கறுப்பின மனிதர். உன் பக்கத்தவர்களின் எலும்புகளை 1870-களின் தொடக்கத்தில்தான் அள்ளித் தெற்கே அனுப்பினார்கள், சுமார் 3,000 பேரை ரிச்மண்டுக்கு. எல்லோரும் போய்ச் சேரவில்லை. 1996-லும் ரயில் பாதை வெட்டிய இடத்தருகே ஒருவனின் எலும்புகள் வெளியே வந்தன.

இதைச் சொல்லாமல் கடிதத்தை முடித்தால் பொய்யாகிவிடும்: நீ நின்ற பக்கம் மனிதரை விற்று வாங்கிய பக்கம். பென்சில்வேனியாவுக்குள் வந்த உங்கள் படை, சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்களையும் பிடித்துக் கட்டித் தெற்கே இழுத்துப் போனது. ஊரிலிருந்த கறுப்பினக் குடும்பங்கள் அதற்குப் பயந்துதான் ஓடின. நான் கேட்ட பேய்க் கதை ஒன்றில்கூட அவர்கள் வரவில்லை. எல்லாப் பேயும் சீருடை போட்டிருக்கிறது. உனக்காக நெஞ்சு வலிக்கும்போதே இதுவும் வலிக்கிறது, இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

கேமராவை உறையில் போட்டுவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு சரிவில் இறங்கினேன். ஃப்ரஸானிட்டோ அடையாளம் சொன்ன பக்கமாக நடந்து, இங்கேதான் இருக்கும் என்று தோன்றிய இடத்தில் நின்றோம். அலங்காரமாக எதுவும் இல்லை. கட்டைக் கல், காய்ந்த புல், ஓர் எறும்புச் சாரை. செருப்பைக் கழற்றினேன். மகன் என்னைப் பார்த்துவிட்டு அவனும் கழற்றினான்.

வீட்டுக்கு வந்ததும் பேரன் கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். பீரங்கிகள், வேலி, மலை, குதிரைச் சிலை. "தாத்தா, பேய்ப்பாறை படம் எங்க?" என்றான். எடுக்கலடா என்றேன்.

இப்படிக்கு,
கோவில்பட்டியிலிருந்து ஒரு போட்டோக்காரன்