சங்க ஆண்டறிக்கை: பீலி ஓடையும் மரத்தவளையும்

தலைவர் அவர்களுக்கும் கமிட்டிக்கும், தோட்டத்து லயத்து வீடுகள்ல இருந்து வந்திருக்கிற அண்ணமார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். கணக்க பொருளாளர் வாசிப்பாரு. பொங்கல் விளையாட்டுப் போட்டி நல்லபடியா நடந்துச்சு, வாசிகசாலைக்கு அலுமாரி வந்திருச்சு. இந்த வருசம் நா கொஞ்சம் கூட நேரம் எடுத்து பேசப்போறது நம்ம தண்ணி புடிக்கிற பீலிக்கு தண்ணி வர்ற ஓடைய பத்தித்தான்.

மழை தொடங்கினதும் ஓடைய துப்புரவு பண்ண சிரமதானம் போனோமே, அப்போ தண்ணிக்கு மேல சாஞ்ச கிளையில வெள்ளையா நுரை ஒட்டியிருந்துச்சு, யாரோ உடுப்பு தொவைச்ச சவுக்கார நுரைன்னு ஒரு தம்பி கம்பால தட்டப்போனாரு, நல்லவேளை பக்கத்துல நின்ன அக்கா தடுத்துட்டாங்க. அது மரத்தவளை கூடு. பொட்டைத் தவளை முட்டை போடுறப்போ பின்னங்காலால அடிச்சு அடிச்சு அந்த நுரைய உண்டாக்குது, வெளிப்பக்கம் காய்ஞ்சு போனாலும் உள்ள ஈரம் நிக்கும், குஞ்சு அதுக்குள்ளயே பொரிச்சு வாலோட நேரா கீழ தண்ணிக்குள்ள விழுது. கிளைய வெட்டினாலும் போச்சு, கீழ தண்ணி வத்தினாலும் போச்சு.

ராவுல டோர்ச் அடிச்சு பாத்தோம். மூக்கு கூரா, முதுகுல உடுக்கை மாதிரி ஒரு அடையாளம், பொட்டை ஆணை விட பெருசு. புத்தகத்துல தாருகா ஈக்வெஸ்னு போட்டிருக்கு. இலங்கையில நம்ம மலைநாட்ட விட்டா உலகத்துல வேற எங்கயும் இல்ல, ஹோர்ட்டன் சமவெளி பக்கமும் இருக்கு, அழிஞ்சுபோற ஆபத்துல உள்ள பட்டியல்லயும் இருக்கு. அந்தக் காலத்துல கோப்பிக்கும் தேயிலைக்கும் காட்ட வெட்டினதுல மிஞ்சின துண்டு துண்டு காட்டுலதான் இதுக பொழைக்குது.

தண்ணியே இல்லாத புதருலயும் தவளை கத்துதேன்னு ஒரு பெரியவர் கேட்டாரு, நல்ல கேள்வி. அது வேற சாதி, அதுகளுக்கு வால்குஞ்சு பருவமே இல்ல, முட்டைக்குள்ளயே முழுத்தவளையா வளர்ந்து வெளிய வரும், அனேகமா மண்ணுக்குள்ளதான் முட்டை. அதுல ஒரு வகைய 1853ல கேலார்ட்ங்கிற இயற்கை ஆராய்ச்சியாளர் எழுதி வச்சாரு, பொறவு யாருமே காணல, இல்லாம போச்சுன்னே முடிவு கட்டிட்டாங்க, கடைசில 2009ல சிவனொளிபாதமலைக் காட்டுல கெடச்சிச்சு. காடு நின்னதாலதான் அது நின்னுச்சு.

தவளை தோலாலயும் மூச்சு விடுது, பூச்சி மருந்து பட்டா தாங்காது. மேல் பக்கம் மரக்கறி போடுறவங்ககிட்ட ஸ்ப்ரே டேங்க ஓடையில கழுவ வேணாம்னு கேட்டோம், ரெண்டு பேரு சரின்னாங்க, மத்தவங்ககிட்ட இன்னும் பேசணும். அதே தண்ணியத்தானே நம்ம புள்ளைகளும் குடிக்குது!

அதனால அடுத்த சிரமதானத்துல குப்பையையும் சேத்தையும் மட்டும் அள்ளுவோம், தண்ணிக்கு மேல சாஞ்ச கிளைல கத்தி வைக்க வேணாம்னு தீர்மானம் கொண்டு வர்றேன், கமிட்டி இத இன்னைக்கே நிறைவேத்தித் தரணும்.